படம் எடுக்கப் பாலைக்கு: ஆஸ்திரேலியாவின் மூன்று சாலைகளில் எது உங்களுக்கு?

பத்து நாள் விடுமுறை, ஒரு கேமரா, நடு ஆஸ்திரேலியா. எந்த வழியில் போவது? இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களுக்கு நடுவில் சிக்கி நிற்கிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு என்ற பெரும் செம்பாறை வரை சுற்றிவரும் ‘ரெட் சென்டர்’ ஒன்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா டிராக் இன்னொன்று. உலுருவுக்குப் பக்கத்திலிருந்து மேற்கே லேவர்ட்டன் வரை ஓடும் கிரேட் சென்ட்ரல் ரோடு மூன்றாவது. மூன்றிலும் செம்மண் உண்டு, பெரிய வானம் உண்டு, ஆளில்லாத தூரம் உண்டு. இணையத்தில் படங்களைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

போய்வந்தவர்களைக் கேட்டாலோ டயரைப் பற்றியும் டீசலைப் பற்றியும் சொல்வார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கேமராவோடு போகிறவருக்கு முதல் கணக்கு வேறு.

## முதலில் அளவுகோல்கள்

பாலைத் திணைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்தது நம் இலக்கணம். கேமராக்காரருக்கு ஆகாத பொழுதும் அந்த நண்பகல்தான். தலைக்கு நேரே வெயில் அடிக்கும்போது செம்மண் வெளுத்துப்போகும், பாறை தட்டையாகிவிடும், தொடுவானம் கானலில் நெளியும். படம் கிடைப்பது சூரியன் எழுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், விழுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், அப்புறம் இரவு.

சிக்கல் என்னவென்றால், கங்காருக்கள் மேய வருவதும் அதே அந்தியிலும் அதே விடியலிலும்தான். வேலியில்லாத சாலையில் மாடுகளும் ஒட்டகங்களும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் வாடகை வண்டி ஒப்பந்தங்கள் பலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று எழுதியிருக்கும். மீறி மோதினால் காப்பீடு கிடையாது. ஆக, நல்ல ஒளி இருக்கும் நேரத்தில் ஓட்டக்கூடாது. ஓட்டக்கூடிய நேரத்தில் நல்ல ஒளி இல்லை. ஒளியைத் துரத்திக்கொண்டு போக முடியாது. அது விழும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: படம் இருக்கும் இடத்துக்கும் நீங்கள் தூங்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? மற்றவை இதற்குப் பின்னால் வரும்:

- என்ன வண்டி வேண்டும், சாலை எப்படி?
- எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது?
- சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும் செலவு எவ்வளவு?
- மழை வந்தாலோ வண்டி நின்றாலோ பின்வாங்க வழி உண்டா?

காலத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மூன்றுக்குமே மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், ஈ மொய்க்கும், பல இடங்களில் கடையே மூடியிருக்கும். குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். இரவு பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. பால்வெளி மண்டலத்தின் மையம் ஜூலை, ஆகஸ்டில் இரவு பத்து மணி வாக்கில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வடக்கு நாடுகளிலிருந்து, தெற்கு அடிவானத்தை ஒட்டி மட்டும் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் இரவில் கழுத்து வலிக்கும்.

## ரெட் சென்டர்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கிங்ஸ் கேன்யன், உலுரு

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கி மேற்கு மெக்டோனல் மலைத்தொடர், கிங்ஸ் கேன்யன், உலுரு என்று சுற்றி மறுபடி ஆலிஸுக்கே வந்தால், மெரீனி லூப் என்ற குறுக்குவழியோடு சுமார் 1,100 முதல் 1,200 கி.மீ. ஏழு நாள் போதும்.

தூங்கும் தூரம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உலுரு-கட்டா ஜுட்டா தேசியப் பூங்காவுக்குள் முகாம் போட முடியாது. எல்லாரும் தங்குவது வெளியே யுலாராவில். பாறை அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ., கட்டா ஜுட்டா 50 கி.மீ. பூங்காவுக்குக் கதவு உண்டு, கதவுக்கு நேரமும் உண்டு. ஜூன், ஜூலையில் காலை 6:30க்குத் திறந்து இரவு 7:30க்கு மூடுவார்கள். சூரியன் அப்போது ஏழரை மணி வாக்கில்தான் எழும் என்பதால் விடியலுக்குப் பிரச்சினை இல்லை. இரவுக்குத்தான் பிரச்சினை. வானம் முழுக்க இருட்டும் நேரத்தில் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். ‘உலுருவின் தலைமேல் பால்வெளி’ என்று ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் அதை யுலாராவின் மேடுகளிலிருந்து, தூரத்தில் சின்னதாகத் தெரியும் பாறையோடுதான் எடுக்க முடியும்.

அந்தியை மட்டும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சூரிய அஸ்தமனம் பார்க்கும் வண்டி நிறுத்தத்தில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழும். எதிரே பாறை சிவந்துகொண்டே போகும். அதிலுள்ள இரும்பு துருப்பிடித்து வந்த நிறம் அது. நான் போன அன்று, சூரியன் மறைந்த கணத்தில் கைத்தட்டல் கேட்டது. ஐந்து நிமிடத்தில் பஸ்கள் கிளம்பின. பத்து நிமிடத்தில் பாதி இடம் காலி. உண்மையான படம் அதற்கப்புறம்தான் வந்தது. பாறைக்குப் பின்னால் கிழக்கு வானத்தில் பூமியின் நிழல் சாம்பல் நீலப் பட்டையாக மேலே ஏறியது. அதற்கு மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. பாறை சிவப்பை விட்டுக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. இருபது நிமிடம். டிரைபாட் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

விடியலுக்குக் கூட்டம் போகும் இடம் தென்கிழக்கில் உள்ள தலிங்குரு நியாகுன்யட்ஜாகு. எனக்குப் பிடித்தது கட்டா ஜுட்டா மணல்மேட்டுப் பார்வைத்தளம். 36 பாறைக் குமிழ்களும் பக்கத்தில், உலுரு தொடுவானத்தில் நிழலுருவாக, இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும்.

வண்டி. சாதாரணக் கார் போதும். ஆலிஸிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, லாசெட்டர் நெடுஞ்சாலை வழியாக உலுருவுக்கும், அங்கிருந்து லுரிட்ஜா ரோடு வழியாகக் கிங்ஸ் கேன்யனுக்கும் தார்ச்சாலை. மெரீனி லூப்பில் மட்டும் மண்சாலைப் பகுதிகள் உண்டு. அதற்குச் சில டாலர் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், சாதாரண வாடகைக் கார் அங்கே போகவும் கூடாது. தார்ச்சாலையிலேயே சுற்றினால் தூரம் இன்னும் கூடும்.

படத்துக்கான விதிகள். மூன்று வழிகளில் இங்கேதான் கேமராவுக்குக் கட்டுப்பாடு அதிகம். காரணமும் உண்டு. இது ஆதிக்குடிகளான அனங்கு மக்களின் நிலம். 1985 அக்டோபர் 26 அன்று அவர்களுக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது. பாறையில் ஏறுவது நிரந்தரமாக மூடப்பட்டதும் அதே தேதியில், 2019இல். பாறையின் சில பகுதிகள், முக்கியமாக வடகிழக்குப் பக்கம், புனிதமானவை; படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுப்பதும் எடுப்பதுதான். சொந்தத்துக்கு எடுக்கும் படத்துக்குத் தனி அனுமதி தேவையில்லை. காசு பார்க்கும் நோக்கத்தில் எடுத்தால் வேண்டும். டிரோன் கூடாது. டிரோனை நம்பி இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் அது பெட்டிக்குள்ளேயே ஊர் திரும்பும்.

ஒளிந்திருக்கும் செலவு. பூங்கா நுழைவு பெரியவருக்கு 38 டாலர், மூன்று நாளுக்கு. இது மத்திய அரசின் பூங்கா. கிங்ஸ் கேன்யனும் மேற்கு மெக்டோனலும் வடக்குப் பிரதேச அரசுடையவை, அவற்றுக்குத் தனிச் சீட்டு. இரண்டு வாரத்துக்கு 30 டாலர். ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றும் அதில் அடங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. யுலாராவில் அறை விலை கண்ணைக் கட்டும், ஏனென்றால் பக்கத்து ஊர் என்று ஒன்று கிடையாது. இன்னொன்று: ஆலிஸில் கார் வாடகைக்கு எடுக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் சேர்த்தி என்று கேளுங்கள். 100 கி.மீ. என்றால் ஏழு நாளுக்கு 700 தான். மிச்சக் கிலோமீட்டருக்கெல்லாம் மீட்டர் ஓடும்.

யாருக்கு? முதல் தடவை வருபவர்களுக்கு, குடும்பத்தோடு வருபவர்களுக்கு, மண்சாலை ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு. கூடவே ஒரு சலுகையும் உண்டு: நண்பகலும் வீணாகாத வழி இது ஒன்றுதான். ஆலிஸுக்கு மேற்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் ஸ்டாண்ட்லி கேசம் என்று ஒரு குறுகிய பிளவு. இரண்டு பக்கமும் 80 மீட்டர் உயரச் சுவர். உச்சிவெயில் நேராக உள்ளே இறங்கும்போதுதான் இரண்டு சுவரும் தணலாகப் பற்றும். காலையிலும் மாலையிலும் போனால் வெறும் நிழல். பாலையின் சிறுபொழுதை நண்பகலாக வைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் ‘சொன்னோமே’ என்றிருப்பார்கள்.

மேற்கு மெக்டோனலை அரை நாளில் முடித்துவிட்டு உலுருவுக்கு ஓடுவது பெரிய தவறு. ஓர்மிஸ்டன் பள்ளத்தாக்கில் முகாம் போட்டு ஓர் இரவாவது தங்குங்கள். அங்கே படமும் படுக்கையும் ஒரே இடத்தில். வெள்ளை வெளேரென்ற கோஸ்ட் கம் மரங்களை ஊதா மலைக்கு முன்னால் நிறுத்தி நீர்வண்ணத்தில் வரைந்த ஆல்பர்ட் நமட்ஜிரா (1902-1959) பிறந்தது இதே வட்டாரத்தில், ஹெர்மன்ஸ்பர்க்கில். அந்த ஊதாவை அவர் மிகைப்படுத்தவில்லை என்பது ஒரு மாலை அங்கே நின்றால் தெரியும்.

## ஊட்னடாட்டா டிராக்: மரீ முதல் மார்லா வரை

சுமார் 620 கி.மீ. மண்சாலை. அடிலெய்டிலிருந்து போய் மார்லா வழியாக நெடுஞ்சாலையில் திரும்பினால் மொத்தம் 2,400 கி.மீ. அளவில் வரும். எட்டு முதல் பத்து நாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்: மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். பக்கச்சார்பு இருக்கிறது என்று தெரிந்தே மேலே படியுங்கள்.

தூங்கும் தூரம். இந்தச் சாலை ‘கான்’ (Ghan) என்ற ரயில் ஓடிய பழைய பாதையை ஒட்டியே போகிறது. அந்தப் பாதை 1980இல் மூடப்பட்டது. ரயில்பாதையோ 1872இல் முடிந்த தந்திக் கம்பி வழியை ஒட்டிப் போடப்பட்டது. தந்தி வழியோ பாலையின் நடுவில் தானாகப் பொங்கும் ஊற்றுகளை ஒட்டிப் போனது. ஆதிக்குடிகள் காலங்காலமாக நடந்த வழி அது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் அல்லவா? அதனால் இன்றைக்குப் படமெடுக்கத் தகுந்தவை எல்லாம் இடிந்த நிலையங்கள், இரும்புப் பாலங்கள், ஊற்றுகள் என்று ஒரே கோட்டில் கோத்த மாதிரி கிடக்கின்றன. முகாம் இடங்களும் அவற்றின் பக்கத்திலேயே.

கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் பழைய பேரீச்ச மரங்களுக்கு அடியில் கூடாரம் போடலாம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ‘பப்ளர்’ என்ற ஊற்று. வட்டக் குளத்தின் நடுவே மணல் கொதிப்பதுபோல் பொங்கி அடங்கும். தண்ணீர் கிரேட் ஆர்ட்டீசியன் என்ற நிலத்தடி நீர்ப் படுகையிலிருந்து வருகிறது. தாழ்ந்த வெயிலில் அந்த மணல் வளையங்களின் நிழல் தெரியும், உச்சிவெயிலில் தெரியாது.

ஆல்ஜிபக்கினா பாலத்தடியில் நான் கழித்த இரவை இன்றும் மறக்கவில்லை. 1892இல் கட்டி முடித்த ரயில் பாலம், 578 மீட்டர் நீளம், கீழே நீல்ஸ் ஆற்றின் மடு. இரவு பதினொரு மணிக்குக் கேமராவை டிரைபாடில் வைத்து, பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு மேலே வானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர் விரலைக் கடித்தது. மூன்றாவது பேட்டரியும் திடீரென்று செத்தது. சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிப் போட்டால் அதுவே இன்னும் இருபது படத்துக்கு உயிர்பிழைத்தது. கதவு மூடும் நேரம் பற்றிய கவலை இல்லை. தூக்கம் வந்ததும் முப்பது அடி நடந்து படுத்துவிட்டேன். விடியலில் எழுந்து அதே பாலத்தைத் தண்ணீரின் நிழலோடு எடுத்தேன். ஓர் இடம், மூன்று பொழுது, வண்டிச் சாவியைத் தொடவே இல்லை.

ஏரி. கட்டி தண்டா, அதாவது ஏர் ஏரி. (ஆங்கிலப் பெயர் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, நான் பொறுப்பல்ல.) ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 15 மீட்டர். பெரும்பாலான ஆண்டுகளில் உப்புத் தரை. 1964இல் டொனால்ட் கேம்பல் தரைவேகச் சாதனை படைத்தது இந்த உப்பின் மேல்தான். தண்ணீர் வருவது எங்கோ குவின்ஸ்லாந்தில் பெய்த மழையால். வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து சேரும். 1974இல் நிறைந்ததுதான் பதிவான பெரிய வெள்ளம். 2025இலும் நன்றாக நிறைந்தது. ஏரி ஆதிக்குடிகளான அரபனா மக்களுக்குப் புனிதமானது. படுகையில் இறங்கி நடப்பதோ வண்டி ஓட்டுவதோ கூடாது. உப்பு வெடிப்பின்மேல் ஆளை நிற்கவைத்து எடுத்த பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதே ஆசையோடு போகாதீர்கள்.

ஏரியை உண்மையில் பார்க்க வேண்டுமென்றால் மேலேயிருந்துதான். வில்லியம் கிரீக், மரீ, கூபர் பீடி ஆகிய இடங்களிலிருந்து சிறு விமானங்கள் போகின்றன. ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும். பயணச் செலவில் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள். இறக்கை மேலே உள்ள விமானமா என்று கேளுங்கள், கீழே இருந்தால் படத்தில் பாதி இறக்கைதான். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் ஜன்னலில் உங்கள் பிம்பம் விழாது. போலரைசர் வேண்டாம், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் கோடு விழும். ஷட்டர் 1/1000க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் அதிர்வு தெரியாது.

வண்டி. காய்ந்திருக்கும்போது சாலை மோசமில்லை. உயரமான வண்டி இருந்தால் பொறுமையாகப் போய்விடலாம். ஆனாலும் ஃபோர் வீல் டிரைவ்தான் நல்லது, ஒன்றுக்கு இரண்டு ஸ்டெப்னியோடு. சலவைப் பலகைபோல அலையலையாக இருக்கும் மண்ணில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் வண்டிக்கும் லென்ஸுக்கும் நல்லது.

விதிகள். கேமராவுக்கு இங்கே நெருக்கடி குறைவு. டிரோனுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் பொருந்தும்: 120 மீட்டர் உயரம், ஆட்களிடமிருந்து 30 மீட்டர், கண்பார்வைக்குள். தேசியப் பூங்காவுக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். சாலையின் இருபுறமும் தெரிவது ‘யாருமில்லாத நிலம்’ என்று நினைக்க வேண்டாம். வில்லியம் கிரீக்கைச் சுற்றியிருக்கும் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை மட்டும் 15,000 சதுர கி.மீ.க்கு மேல். கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், மூடியிருந்தால் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

ஒளிந்திருக்கும் செலவு. மழை. பத்து மில்லிமீட்டர் பெய்தாலே செம்மண் களியாகிச் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். இரண்டு நாள் வில்லியம் கிரீக்கில் மாட்டிக்கொண்டால் அறைவாடகை, தவறிய விமானம், வண்டியின் கூடுதல் நாள் என்று எல்லாம் உங்கள் தலையில். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் சும்மா வைத்திருங்கள்.

யாருக்கு? உலுருவைப் பார்த்துவிட்டவர்களுக்கு; இரவு வானமும் இடிபாடுகளும் பிடித்தவர்களுக்கு; ஒரே இடத்தில் மூன்று பொழுது உட்காரப் பொறுமை உள்ளவர்களுக்கு. நேரம் குறைவென்றால் மரீயிலிருந்து வில்லியம் கிரீக் வரை போய், அங்கிருந்து 166 கி.மீ. மண்சாலையில் கூபர் பீடிக்கு வெளியேறிவிடலாம். பாலம் போகும், ஏரியும் ஊற்றும் மிஞ்சும். கூபர் பீடி பக்கம் பிரேக்அவேஸ் என்ற வண்ண மேடுகள் அந்திக்குக் கிடைக்கும் போனஸ்.

## கிரேட் சென்ட்ரல் ரோடு: யுலாராவிலிருந்து லேவர்ட்டன்

ஏறக்குறைய 1,100 கி.மீ. நடுவில் ஊர் என்று சொல்லக்கூடியவை கல்டுகட்ஜாரா (டாக்கர் ரிவர்), வரக்குர்னா, வார்பர்ட்டன் என்று விரல்விட்டு எண்ணலாம். அப்புறம் ஒற்றையாய் நிற்கும் டிஜுகயிர்லா ரோடுஹவுஸ் (பெட்ரோலும் தங்குமிடமும் தரும் சாலையோரக் கடை). பெட்ரோலுக்கு இடையே 200, 300 கி.மீ. இடைவெளி வரும். முழுக்கத் தார் போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் மண்சாலை கொஞ்சம் குறைகிறது.

தூங்கும் தூரம் என்ற என் அளவுகோலில் இது விசித்திரமான இடம். சாலையோர முகாம்களில் படுக்கலாம், விடியலும் அந்தியும் வாசலிலேயே. ஆனால் ‘இங்கேதான் நிற்க வேண்டும்’ என்று சொல்ல ஓர் உலுருவோ பாலமோ கிடையாது. சாலைதான் பொருள். கறுத்த பாலைச் சவுக்கு மரங்கள், காட்டு ஒட்டகங்கள், ஓரத்தில் கைவிடப்பட்டுத் துருவேறிய கார்கள், நூல்பிடித்த மாதிரி தொடுவானம் வரை ஓடும் சிவப்புக் கோடு. மூன்றாவது நாள் அதே கோடு. சிலருக்கு அதுவே ஒரு முழுத் தொகுப்பாகும், சிலருக்கு அலுத்துவிடும். இரண்டாவது வகை நான்.

விதிகளைக் கவனமாகப் பாருங்கள். வழி நெடுக ஆதிக்குடி மக்களின் நிலம். வடக்குப் பிரதேசத்துக்கு ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று என இரண்டு கடப்பு அனுமதிகள் வேண்டும். இரண்டும் இலவசம், ஆனால் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அனுமதி சாலையில் கடந்துபோகத்தான். நல்ல குன்று தெரிகிறதே என்று உள்ளே நடந்துபோய்க் கேமராவை நிறுத்த அல்ல. குடியிருப்புகளில் கேட்காமல் யாரையும், எதையும் எடுக்காதீர்கள். மதுவைக் கொண்டுபோகாதீர்கள்.

கடிகாரத்திலும் ஒரு வேடிக்கை. மாநில எல்லையைத் தாண்டினால் நேரம் ஒன்றரை மணி பின்னே போகும். ஜூலையில் மேற்குப் பக்கக் கடிகாரப்படி மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஒளிக்குச் சூரியனைப் பாருங்கள். எரிபொருளுக்கு மட்டும், கடையை எந்த நேரப்படி திறக்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு இங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கிறது. வாடகை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இந்தச் சாலையில் போனால் காப்பீடு செல்லாது. ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் விடுவதற்குத் தனிக் கட்டணம். லேவர்ட்டனை அடைந்தாலும் பயணம் முடியவில்லை, பெர்த்துக்கு இன்னும் 900 கி.மீ.க்கு மேல். நடுவில் வண்டி நின்றால் இழுத்துப்போக ஆயிரக்கணக்கில் ஆகும்.

யாருக்கு? சொந்த வண்டியில் நாட்டைக் குறுக்கே கடப்பவர்களுக்கு. பெர்த்துக்கு எப்படியும் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு. பத்து நாள் விடுமுறையில் வாடகை வண்டியோடு வருபவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரெட் சென்டர் | ஊட்னடாட்டா | கிரேட் சென்ட்ரல் |
|---|---|---|---|
| தூரம் | மெரீனி வழியாக 1,100–1,200 கி.மீ. சுற்று | 620 கி.மீ.; அடிலெய்டிலிருந்து சுமார் 2,400 | சுமார் 1,100 கி.மீ. ஒருவழி |
| நாள் | 7 | 8–10 | 4–5, பெர்த் வரை இன்னும் கூடும் |
| வண்டி | சாதாரணக் கார் | ஃபோர் வீல் டிரைவ் நல்லது | ஃபோர் வீல் டிரைவ் |
| படமும் படுக்கையும் | உலுருவில் 20–50 கி.மீ., கதவு நேரம் | பல இடங்களில் நடக்கும் தூரம் | சாலையோரம் |
| இரவு வானம் | முன்னணியில் பாறை கிடைப்பது கடினம் | மிக நன்று | மிக நன்று |
| கேமராக் கட்டுப்பாடு | அதிகம் | குறைவு. ஏரியில் கவனம் | அதிகம் |
| மழை வந்தால் | பெரிய பாதிப்பில்லை | சாலை மூடும் | சாலை மூடும் |

## வண்டியும் காப்பீடும்

மூன்றுக்கும் பொதுவான ஒரு சமாச்சாரம். ஒப்பந்தத்தில் ‘மண்சாலை அனுமதி’ என்ற சொல்லை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். எதிரே வந்த ரோடு டிரெயின் (பல பெட்டிகளை இழுத்துவரும் நீள லாரி) தெறித்த கல்லில் முன்கண்ணாடியில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், கண்ணாடியும் டயரும் வண்டியின் அடிப்பாகமும் காப்பீட்டில் சேர்த்தி இல்லை என்ற வரியை விரல்வைத்துக் காட்டினார்கள். வரி அங்கேதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. மண்சாலையில் அடிபடுவதே அந்த மூன்றும்தான்! அப்போதிருந்து, எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கி நின்றுவிடுகிறேன். புழுதி அடங்கும்வரை கிளம்புவதில்லை.

கைப்பேசிச் சிக்னல் ஊருக்கு ஊர்தான், நடுவில் கிடையாது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியோ, ஆபத்தில் உதவி கேட்டுச் சைகை அனுப்பும் அவசர பீக்கனோ வாடகைக்குக் கிடைக்கும். மண்சாலை இரண்டுக்கும் அது இல்லாமல் போக வேண்டாம். வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது வண்டிதான்.

## புழுதி

கேமராவுக்கு இந்தச் செம்புழுதி மாவுபோல. ஜிப்பை மூடினாலும் உள்ளே இருக்கும். திறந்த வெளியில் லென்ஸை மாற்றாதீர்கள். இரண்டு கேமரா பாடி இருந்தால் ஒன்றில் அகலக் கோணம், ஒன்றில் நீள லென்ஸ் என்று மாட்டிவிட்டுக் கடைசிவரை கழற்றாமல் வருவது உத்தமம். சென்சாரில் விழுந்த தூசி ஊற்றுக்கும் பாறைக்கும் தெரியாது, வெறும் நீல வானத்தில் மட்டும் வரிசையாகப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். இங்கே எடுக்கும் படத்தில் பாதி வானம்தான். துணியால் துடைக்கும் முன் ஊதுபந்தால் ஊதுங்கள். அந்தத் தூள் கண்ணாடியைக் கீறும். அதிரும் சாலையில் டிரைபாட் திருகுகளும் லென்ஸ் திருகுகளும் தானாகக் கழலும். நான் ஓர் ஆறங்குலத் துண்டு மெத்தை நுரையில் கேமராவை வைத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து இருக்கைக்காரரின் பொறுமையைச் சோதித்திருக்கிறேன்.

## சரி, எப்படித் தொடங்குவது?

முதல் தடவை என்றால் ரெட் சென்டர். அதில் யுலாராவுக்கு இரண்டு இரவு, மேற்கு மெக்டோனலுக்கு இரண்டு இரவு என்று பிரியுங்கள். நான்கையும் யுலாராவில் கொட்டாதீர்கள். ஏற்கெனவே போய்வந்தவர், மண்சாலையில் ஓட்டத் தெரிந்தவர், இரவு வானத்துக்காகவே வருபவர் என்றால் ஊட்னடாட்டா. அப்படியானால் விமான டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு நாள் முன் கவர்ட் ஸ்பிரிங்ஸிலும், அமாவாசையன்று ஆல்ஜிபக்கினாவிலும் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அடிலெய்டில் வண்டியை எடுக்க வேண்டிய நாள் தானாக வந்துவிடும்.